அளக்காத எட்டு நாட்கள்

வளிமண்டல ஆராய்ச்சி என்றதும் அவள் புயலைத் துரத்திக்கொண்டு ஓடுவாள் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்திருந்தார்கள். சித்தி போன் செய்தால் ஒரே கேள்விதான்: "துணி காயப் போடலாமா?" அவள் செய்ததோ, பழைய மழை ஏடுகளைக் கணினியில் ஏற்றும் வேலை. கூடப் படித்தவர்கள் வேலை, கல்யாணம் என்று போய்விட்டார்கள். சில நாட்கள் காலையிலிருந்து யாரிடமும் வாய் திறக்காமலே விடுதிக்குத் திரும்புவாள். தனிமை பழகிவிடும் என்கிறார்கள். அவளுக்குப் பழகவில்லை.

நான்கு வருட ஆய்வும் மழை அளக்கும் ஒரு நிலையத்தின் நாற்பது வருட ஏட்டை நம்பி நின்றது. அங்கே தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து எழுதியவர் அவளுடைய அப்பா.

ஒரு மதியம் கணினி ஒரு பக்கத்தைச் சிவப்பில் காட்டியது. எட்டு நாள் மழை அளவுகள், முந்தைய வருடத்தின் அதே எட்டு நாட்களோடு புள்ளி பிசகாமல் ஒத்துப்போயின. எந்த மழையும் அப்படிப் பெய்யாது. யாரோ காப்பி அடித்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, அப்பாதான். தேதியைப் பார்த்தாள். அது அம்மா இறந்த வாரம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

அவளுடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியர் இந்த விஷயத்தில் கறார். ஒரு பக்கம் பொய் என்றால் அந்த ஏடே வேண்டாம் என்பார். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சொன்னால் நான்கு வருட உழைப்பும் பாழ்.

அப்பாவுக்கு போன் போட்டாள்.

"அம்மா போனப்போ, அந்த எட்டு நாள் நீங்க மழையை அளந்தீங்களாப்பா?"

"இல்லம்மா. போன வருஷத்தைப் பாத்து எழுதிட்டேன்."

"இதைச் சொன்னா உங்க ஏட்டையே தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். அந்த வாரம் மழை பெஞ்சுதா இல்லையான்னே எனக்குத் தெரியாது."

"பெஞ்சுதுப்பா. எட்டு நாளும். நான் ஜன்னல்கிட்டயே உக்காந்து பாத்துட்டிருந்தேன். நீங்க என் பக்கம் வரவே இல்ல."

இத்தனை வருடம் சொல்லாததைச் சொல்லிவிட்டு அழுதாள். அவர் போனை வைத்துவிட்டார்.

அன்றைக்கே பேராசிரியருக்கு உண்மையை எழுதிப் போட்டாள். அந்த நாற்பது வருடத்தையும் ஆய்விலிருந்து தன் கையாலேயே நீக்கினாள். இனி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

மறுநாள் காலை அப்பாவே கூப்பிட்டார்.

"எந்த நாள் ரொம்பப் பெஞ்சுது?"

"மூணாம் நாள்" என்றாள்.

"இரு, பேனா எடுத்துக்கறேன். ஒவ்வொரு நாளா சொல்லு."