கொட்டைக் காப்பி

வறுத்த பேரீச்சங்கொட்டை ஒன்றைக் கடைவாயில் வைத்துக் கடிக்கிறாள் சந்தனச்செல்வி. ‘கடுக்’கென்று உடைந்தால் பதம். சத்தம் அமுங்கி வந்தால் இன்னும் ஐந்து நிமிடம் வறுக்க வேண்டும். மற்றவர்கள் வாசனையில் கண்டுபிடிப்பதை அவள் சத்தத்தில் கண்டுபிடிக்கிறாள். கொரோனாக் காய்ச்சலோடு போன வாசனை அவள் மூக்குக்குத் திரும்பவே இல்லை.

அதிலிருந்து எதைப் பார்த்தாலும் சந்தேகம். பாலைப் பக்கத்து வீட்டில் கொடுத்து மோந்து பார்க்கச் சொல்வாள். நன்றாயிருக்கிறது என்று சொன்னாலும் காய்ச்சிப் பார்த்துத்தான் நம்புவாள். கொட்டைகளை மூன்று தண்ணீரில் கழுவி மொட்டைமாடியில் காயப்போடும் முன் தரையை உள்ளங்கையால் தடவுவாள். கறுப்பு ஒட்டினால் துறைமுகத்து நிலக்கரித் தூசி. தரையையும் கழுவியாக வேண்டும். கொட்டை தரும் மிட்டாய்க் கடைக்காரர் ஒருநாள் அலுத்துக்கொண்டார், தூரப் போடுகிற கொட்டைக்கு இவ்வளவு விசாரணையா என்று.

“தூரப் போடுததத்தான் அண்ணாச்சி பாக்கணும். வேற யாரும் பாத்திருக்க மாட்டாவள்லா.”

அவள் கணவர் வன்னியபெருமாளுக்கு உப்பு லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் வேலை. ஒரு நாளைக்கு எட்டுக் காப்பி குடித்தவர். நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தபின் டாக்டர் காப்பியை நிறுத்தச் சொல்லிவிட்டார். சந்தனச்செல்வி முதலில் புளியங்கொட்டையை வறுத்துப் பார்த்தாள். பிறகு தகரைச் செடியின் விதை. இரண்டையும் அவர் ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. பேரீச்சங்கொட்டையை மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது குடித்தார். விஷயம் தெருவில் பரவி, காப்பி ஆகாத நாலு வீட்டுக்காரர்கள் மாதந்தோறும் பொடி வாங்க ஆரம்பித்தார்கள்.

போன மாதம் அதில் ஒருத்தியான ஜெபசுதா டீச்சர் போன் செய்தாள். ஆறு மாதக் கர்ப்பிணி. இந்தத் தடவை பொடி அசல் காப்பி போலவே மணக்கிறது, தினம் மூன்று வேளை குடிக்கிறேன் என்று பாராட்டினாள். சந்தனச்செல்வி பொடி டப்பாவைத் திறந்து பார்த்தாள். கொட்டை அதேதான், வறுவலும் அதேதான். பின்னே எங்கிருந்து வந்தது புது மணம்? யோசித்தால், கணவரும் இரண்டு வாரமாக முகம் சுளிக்கவில்லை.

ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து ஒரு சிட்டிகை பொடியைத் தூவினாள். கொட்டைத்தூள் அடியில் இறங்கிவிடும். காப்பித்தூள் மிதக்கும் என்பது அவளுக்குத் தெரியும். பாதி இறங்கியது. பாதி மேலேயே ஆடை போல நின்றது.

நேரே, கொட்டை அரைக்கிற அமலனின் மாவு மில்லுக்குப் போனாள். கூட்டத்துக்கு நடுவிலேயே, என் பொடியில் என்னத்தைக் கலந்தாய் என்று கேட்டாள். அவன் கோபப்படவில்லை.

“ஒங்க கொட்டைய அரச்சு மிஷின் தேயுதுன்னு நானே சடவுபடுதேன். வெல கூடுன காப்பிய இதுல கொண்டு கலக்க எனக்கு என்ன கிறுக்கா அக்கா? இந்தத் தடவ அரச்சுட்டுப் போனது அண்ணாச்சிதான?”

மூட்டுவலி என்று அவள் படுத்திருந்த நாள் அது. ‘நான் கொண்டு போறேன்’ என்று அவராகவே வாளியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்.

வீட்டில் டம்ளரை அவர் முன்னால் வைத்ததும் வன்னியபெருமாள் மறைக்கவில்லை. அரைக்கிலோ வாங்கிக் கலந்தேன், ஆசையை அடக்க முடியவில்லை என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, “ஒனக்குத்தான் வாசன தெரியாதே ஏளா” என்றார்.

மிதந்த அந்தத் தூளைவிட இந்தச் சொல்தான் அவளைச் சுட்டது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஜெபசுதா வீட்டுக்கு முதலில் போனாள். உள்ளதைச் சொல்லிப் பொட்டலத்தைத் திரும்ப வாங்கினாள். டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளச் சொன்னாள். நாலு வீட்டுப் பொடியும் சாக்கடையில் போயிற்று.

மறுநாள் புதிதாக வறுத்து, மில்லில் கூடவே நின்று அரைத்து, வெந்நீரில் கலந்து கொண்டுவந்தாள். வன்னியபெருமாள் ஒரு வாய் குடித்தார். பழையபடி முகம் சுளித்தது.

“சத்தியமா இப்பம் வேற எங்கயும் குடிக்கல ஏளா” என்றார்.

“கைய நீட்டுங்க.”

நீட்டினார். மணிக்கட்டில் மூன்று விரலை அழுத்தி வைத்து, சுவர்க் கடிகாரத்தின் சிவப்பு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்காமல், உதட்டுக்குள்ளேயே எண்ணத் தொடங்கினாள். முள் ஒரு சுற்று முடித்தது. அவள் விரலை எடுக்கவில்லை. மறுபடியும் ஒன்றிலிருந்து எண்ணினாள்.