சண்டைக் காலத்துத் தபால்காரர்

எங்க தெருவுக்குக் கடுதாசி கொண்டாந்த தபால்காரர் நல்ல ஒசரம். சைக்கிள்ல உக்காந்தபடியே ரெண்டு காலையும் தரையில ஊனிருவாரு. சங்கரங்கோவில்ல அவரு சிரிச்சுப் பார்த்தவுக ஒருத்தரும் கெடையாது. கடுதாசிய மொதல்ல தனக்குள்ள வாசிச்சிட்டுத்தான் நமக்குச் சத்தமா வாசிப்பாரு. எனக்கும் எம் மாமியாருக்கும் எழுதப் படிக்கத் தெரியாதுல்லா.

பங்களாதேசு சண்டை நடந்தப்போ எங்க வீட்டு அவுக பட்டாளத்துல. நான் மாசமா இருந்தேன். மூணு வேளையும் கஞ்சிதான். சும்மா சொல்லக்கூடாது, தொட்டுக்கிட புளியங்குடி எலுமிச்சங்கா ஊறுகா இருக்கும். ஒருநா தபால்காரரு கடுதாசிய உள்ளுக்குள்ள வாசிச்சிட்டு, கதவுக்குப் பின்னால நின்ன என்னைய ஒரு பார்வை பார்த்தாரு. பொறவு சத்தமா, "அம்மா, நான் சொகம். மருமவளுக்குத் தெனம் ஒரு முட்டை குடு"ன்னு வாசிச்சாரு.

"சண்டைக்கு நடுவுல இவனுக்கு முட்டையா நெனப்பு?"ன்னு மாமியா சடைச்சா. ஆனா மவன் சொல்லாச்சே, தெனம் அவிச்சுக் குடுத்துட்டா. அதத் தின்னு பொறந்தவந்தான் எம் மூத்தவன்.

சண்டை முடிஞ்சு அவுக நொண்டிக்கிட்டே வந்தாவ. நான் முட்டைக் கதையச் சொன்னேன்.

"எந்த முட்டை? கால்ல குண்டு பாஞ்சு ஆஸ்பத்திரில கெடக்கேன்னுல்லா எழுதினேன்"ன்னாவ.

மறுநா தபால்காரரை மறிச்சேன். "ஏன் அண்ணாச்சி, குண்டு இருந்த எடத்துல முட்டைய வாசிச்சீய?"

மனுசன் மொகத்துல ஒரு அசைவும் இல்ல. "குண்டுக்கு நீங்க இங்கன இருந்து என்னத்தம்மா செய்ய முடியும்? முட்டைன்னா அவிச்சாவது குடுக்கலாம்லா"ன்னுட்டுச் சைக்கிளை மிதிச்சிட்டாரு.

நான் முட்டைக்கு ஏங்கினத ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. அவரு எப்படித்தான் கண்டுபிடிச்சாரோ, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல.