நகராத பேருந்தின் ஓட்டுநர்

உலகத்தில் இதுவரை ஸ்டியரிங் பிடித்தவர்களில் என் மாமாவை மிஞ்ச ஆளே கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகளால் ஆன பேருந்தை நிலாவுக்கு மட்டும் பதினான்கு தடவை ஓட்டிப் போய்த் திரும்பியிருக்கிறார். கடலுக்கடியில் ஒன்பது தடவை. ஒருமுறை டைனோசர் குறுக்கே வந்தபோது பிரேக்கை மிதித்து, இல்லாத ஜன்னல் வழியே தலையை நீட்டி, "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?" என்று அதனிடமே கேட்டவர். இத்தனைக்கும் வண்டி ஓர் அங்குலம்கூட நகர்ந்ததில்லை. விபத்தும் இல்லை. எந்த ராஜாவின் தேருக்காவது இப்படி ஒரு சாரதி வாய்த்தானா?

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருடம் நிஜப் பேருந்து ஓட்டினார். முழங்கால் மக்கர் செய்ததும் டிப்போவில் 'இலகு வேலை' கொடுத்தார்கள். டயர் கிடங்கை ஒட்டி ஓர் அறை. டிப்போவில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளை ஐந்து வயது வரை அங்கே விட்டுப் போகலாம். வருகைப் பதிவேட்டில் அந்த வேலைக்கு 'ஆயா' என்றுதான் அச்சடித்திருந்தது. மீசையை முறுக்கிவிட்டு அதற்கு நேரே கையெழுத்துப் போடும் ஒரே ஆயா எங்கள் மாமா.

முதல் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்த்தாலே பிள்ளைகள் அலறின. மூன்றாம் நாள், தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தார். நாற்காலிகளை இரண்டு இரண்டாக அடுக்கினார். சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்தார். உடைத்துப்போட்ட வண்டியிலிருந்து பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றி வந்து முன்னால் கயிற்றில் தொங்கவிட்டார். "கண்ணாடி இல்லாம வண்டி எடுக்க எனக்குக் கை வராது" என்றார். "டுர்ர்ர்" என்று உறுமினார். அழுகை நின்றது. அன்றிலிருந்து அவர் 'வண்டி மாமா'.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது தனிக் கதை. பத்தாவதில் இரண்டு பாடம் ஊற்றிக்கொண்டது. ஆசிரியர்கள் அறை டீத்தூள் டப்பாவுக்குள் ஒரு தவளை குடியேறியது. இரண்டையும் சேர்த்து அம்மா என்னை மாமா வீட்டுக்குப் பார்சல் செய்துவிட்டாள். மதியம் மாமாவுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டு போவேன், சாயங்காலம் வரை அந்த அறையிலேயே கிடப்பேன். பிள்ளைகள்மேல் பாசம் என்று யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

பிள்ளைகள் மொத்தம் ஏழு. அதில் இருவரைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் குட்டி ரவுடி. கடிப்பான், பிடுங்குவான், ஜன்னல் சீட்டை உயிரே போனாலும் விடமாட்டான். இன்னொருத்தி அமுக்குணி. கிடங்கில் டயர் கழற்றி மாட்டும் டயர் அக்காவின் மகள். காது நன்றாகக் கேட்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் அம்மாவிடம் நாலு வார்த்தை பேசுவாள். வாசலைத் தாண்டினால் வாய்க்குப் பூட்டு.

அடுத்த மாதம் அவளுக்கு ஐந்து முடிகிறது. அதற்குப் பிறகு இந்த அறையில் இடமில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனபோது தலைமையாசிரியை கேட்ட எதற்கும் வாய் திறக்கவில்லை. "ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. ரெண்டு வார்த்தையாவது பேசட்டும். இல்லாட்டி அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

டயர் அக்கா கிரீஸ் கையோடு வாசலில் நின்று மாமாவிடம் சொன்னாள்: "அடுத்த வருஷம் வரைக்கும் இவள யாருண்ணே பாத்துக்குவா? வெளியூர்ல அக்கா வீட்லதான் கொண்டுபோய் விடணும். மாசம் ஒருதடவைதான் பாக்க முடியும்." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்தாள். மூக்கெல்லாம் கிரீஸ்.

"தினம் நாலு கேள்வி கேட்டுப் பதில் சொல்லப் பழக்கணுமாண்ணே?"

"வேண்டாம்மா. நீ பேசு பேசுன்னா எனக்கே பேச்சு வராது. ஒருத்தர்கிட்ட வேலை ஆகணும்னாத்தான் பேசுவோம். அந்த வேலைய நான் குடுக்கிறேன்."

மறுநாள் அவள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டினார். "இனிமே இவங்கதான் கண்டக்டரம்மா. ரெண்டு விசில் அடிச்சா வண்டி போகும். ஒண்ணு அடிச்சா நிக்கும். இவங்க சொல்லாம நான் கியரத் தொடமாட்டேன்."

குட்டி ரவுடி கொதித்தான். "நான்தான் கண்டக்டர்!"

"நீ சாயங்கால ஷிப்ட். இப்ப டிக்கெட் எடு."

அமுக்குணி பட்டன்களை டிக்கெட்டாகக் கொடுத்தாள். யார் ஏறவில்லை என்று பார்த்தாள். குட்டி ரவுடி ஒருத்தியைத் தள்ளியபோது ஒரு விசில் அடித்து வண்டியையே நிறுத்தினாள். அவன் மன்னிப்புக் கேட்கும்வரை நிலாவுக்குப் போகும் வழியில் எல்லோரும் காத்துக் கிடந்தோம். ஷிப்ட் மாறும்போது விசிலை அவளே கழற்றிக் கொடுத்தாள், அவனும் பிடுங்காமல் வாங்கிக்கொண்டான். எல்லாம் நடந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. பதினெட்டு நாள் போயிற்று. விசிலே எல்லா வேலையையும் செய்துவிட, வாய்க்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

பத்தொன்பதாம் நாள் விசிலைக் காணோம்.

சுவர் ஆணியில்தான் மாட்டியிருந்தது. யார் எடுத்திருப்பார்களோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். ஏழு பிள்ளைகளும் நாற்காலிக்கடியில் புகுந்து தேடின. மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து அலமாரிக்குக் கீழே பார்த்தார். பிறகு ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். "டுர்ர்ர்" என்று எஞ்சினைப் போட்டார். அவ்வளவுதான்.

"மாமா, போ!" என்றது ஒரு வாண்டு.

"கண்டக்டர் சொல்லாம எப்படிப் போறது? வேலை போயிரும்."

எஞ்சின் உறுமியபடியே நின்றது. மாமா முகத்தில் வியர்வை. ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அமுக்குணி படிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் நின்று வெறும் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் உதடு நடுங்கியது. போதும், எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட... அதாவது, எங்கிருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அப்போது குட்டி ரவுடி எழுந்தான். போச்சு, இப்போது இவனே கத்தி வண்டியை எடுக்கச் சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். அவன் நேரே அவளிடம் போனான். "நான் சொல்லமாட்டேன். நீதான் இப்ப ஷிப்ட்" என்றான். பிறகு, உயிரே போனாலும் விடாத அந்த ஜன்னல் சீட்டில் அழுகிற பிள்ளையை உட்கார வைத்துவிட்டு, எல்லோரையும் பார்த்து, "யாரும் பேசக்கூடாது! கண்டக்டர் சொல்வா!" என்று மிரட்டினான்.

எஞ்சின் மட்டும் ஓடியது.

"ரைட்" என்றாள் அமுக்குணி. எறும்பு தும்மிய மாதிரி.

"எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கலையே!" என்றார் மாமா திரும்பாமலே.

அவள் மூச்சை இழுத்தாள். "போலாம் ரைட்!"

கிடங்கில் யாரோ கையிலிருந்த ஸ்பானரைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. டயர் அக்காதான். ஓடி வந்து வாசலில் நின்றவள், வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே வண்டி பறந்துகொண்டிருந்தது. மாமா அன்றைக்குப் போட்ட கியர் அவருடைய இருபத்திரண்டு வருடத்திலும் போட்டதில்லை. ஏழு பிள்ளைகளும் "போலாம் ரைட்! போலாம் ரைட்!" என்று கத்த, தகரக் கூரை அதிர்ந்தது. எனக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டதால் மீதியைச் சரியாகப் பார்க்கவில்லை.

மறுபடி பள்ளிக்கூடத்துக்குப் போன அன்று நானும் கூட்டத்தில் ஒருத்தியாக ஒட்டிக்கொண்டேன். தலைமையாசிரியை அன்பாகத்தான் கேட்டார். "உன் பேர் என்னம்மா?"

பூட்டு. டயர் அக்கா சேலை முனையைக் கயிறாக முறுக்கினாள். இன்னொரு தடவை கேட்டார். மறுபடியும் பூட்டு.

மாமா "சொல்லும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சுவரோரம் கிடந்த இரண்டு நாற்காலிகளை இழுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். முன் நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் இருந்த தேநீர்த் தட்டை இரண்டு கையாலும் பிடித்தார். "டுர்ர்ர்."

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு அவரைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். அந்த அம்மாவும் சாதாரண ஆளில்லை. எழுந்து வந்து பின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அமுக்குணி அவர் பக்கத்தில் போய் நின்றாள். "எங்க போகணும்?"

"ஒண்ணாம் வகுப்புக்கு ஒரு டிக்கெட் குடுங்க."

"கூட யாராவது வர்றாங்களா?"

"நாப்பது பிள்ளைங்க வர்றாங்க."

"அப்ப உள்ள தள்ளி உக்காருங்க! படில யாரும் நிக்கக்கூடாது!"

"சரிங்க. கண்டக்டர் பேர் என்னங்க?"

சொன்னாள். இனிஷியலோடு சொன்னாள். அக்கா பேனா கேட்டு வாங்கி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டபோது, அதில் கிரீஸ் விரல் பதிந்தது. "பரவாயில்ல, இருக்கட்டும்" என்றார் தலைமையாசிரியை.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமா நொண்டி நொண்டி, ஆனால் ஊர்வலத்தில் போகிறவர் மாதிரி வந்தார். தெருமுனையில் நின்று கையை நீட்டினார்.

"விசிலக் குடு."

"எந்த விசில்?"

"ஏண்டி, ஏழு வாண்டுகளும் தேடுச்சு. முட்டி போன நானும் குனிஞ்சு தேடினேன். நீ மட்டும் மின்விசிறிக்குக் கீழ ஆடாம அசையாம உக்காந்திருந்த."

"எனக்கு இடுப்பு வலி."

"ஆணில இருந்து எடுத்து உன் பையில போட்டத கண்ணாடில பாத்தேன். டிரைவருக்குப் பின்னாடி நடக்கிறது தெரியாதா?"

"அப்ப ஏன் கேக்கல?"

"கேட்டா நீ குடுத்திருப்பியே."

பையின் அடியிலிருந்து விசிலை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டே நடந்தார். நாலடி போனதும் திரும்பிப் பார்த்தார்.

"அப்புறம் கண்ணத் தொடச்சதையும் பாத்தேன். தூசின்னு சொல்லிடாத. அன்னைக்கு அந்த ரூமக் கூட்டித் துடைச்சதே நான்தான்."