சிறுதீயில் வெந்த கருப்பட்டித் தோசை

அன்றைக்கு அடுப்படியில் இருந்தவர்கள் அண்ணன், மதினி, அவளைக் கூட்டிக்கொண்டு போக வந்திருந்த அவளுடைய அப்பாவான மாமா, அப்புறம் நான். அடுப்பில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது.

அண்ணன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் படுத்தே கிடந்த காலம் அது. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய நான், தீப்பெட்டி ஆபீசில் வாங்கிய கூலியில்தான் அடுப்பெரிந்தது. "கெளம்புட்டி, சாயங்கால பஸ்ஸுக்கு நம்மூரு எப்போதும்வென்றானுக்குப் போயிருவோம்" என்று சொல்லிவிட்டார் மதினியின் அப்பா. இப்போது போனால் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. மதினி அழவில்லை. பையைக் கட்டி வாசலில் வைத்தாள். "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போவோம்ப்பா" என்று மட்டும் சொன்னாள்.

கருப்பட்டியைக் கரைத்துத் துணியில் வடிகட்டினாள். வடிகட்டாவிட்டால் மண் பல்லில் கடிபடும். பாகு ஆறிய பிறகே கோதுமை மாவில் ஊற்ற வேண்டும், சூட்டோடு ஊற்றினால் கட்டி தட்டும். மொறுமொறுப்புக்கு ஒரு கை பச்சரிசி மாவு, துருவிய தேங்காய், துளி உப்பு. கையில் எடுத்து விட்டால் நூலாக இறங்காமல் பொத்தென்று விழ வேண்டும் மாவு.

அதுவரை அடுப்புப் பக்கமே வராத அண்ணன் அன்றைக்கு வந்து குந்தினான். எங்கள் ஆபீசில் கழித்துப் போடும் தீக்குச்சியைத்தான் சாக்கில் வாங்கி எரிப்போம். அதில் மருந்தில் முக்கிய குச்சிகளும் கலந்திருக்கும், பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் அடுப்பில் வைப்போம். அண்ணனுக்கு அது தெரியாது. அப்படியே அள்ளித் திணித்தான். குப்பென்று பற்றி, முதல் தோசை கரியாகிவிட்டது.

"வேலைதான் இல்ல, அடுப்பாவது ஒழுங்கா எரியும்னு பாத்தேன் மாப்ள" என்றார் மாமா.

மதினி அந்தத் தோசையைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, "எனக்குக் கருகுனாத்தாம்ப்பா பிடிக்கும்" என்று பிய்த்துத் தின்றாள். பிறகு குச்சியை வெளியே இழுத்துவிட்டு, ரெண்டே ரெண்டு பருத்திமாரை, காய்ந்த பருத்திச் செடித் தண்டை, வைத்தாள். இனிப்பு மாவு சீக்கிரம் கருகும், சிறுதீதான் சரி. ஓரம் தானாகக் கல்லை விடுகிறவரை திருப்பக் கூடாது. ஒவ்வொன்றும் அவ்வளவு நேரம் எடுத்தது. மாமா கையைக் கழுவவே இல்லை, அடுத்ததற்குக் காத்திருந்தார். ரோட்டில் ஹாரன் சத்தம் கேட்டது.

"பஸ் போயிருச்சேட்டி."

"போட்டும்ப்பா. இது வேகணும்லா."

விடிந்ததும் அண்ணன் வேலை கேட்டுக் கோவில்பட்டிக்குப் போனான். மாமா தனியாகத்தான் பஸ் ஏறினார்.

அதன் பிறகு வருஷக்கணக்காய் அண்ணனோடு வாழ்ந்து, மதினி போன ஐப்பசியில் இறந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் வீட்டுக்குப் போய் அதே கல்லில் இந்தத் தோசையைச் சுடுகிறேன். கேஸ் அடுப்புதான், சிம்மில் வைத்தும் மனசு கேட்காமல் குனிந்து குனிந்து தீயைப் பார்க்கிறேன். கல் சூடு பிடிபடாமல் முதல் தோசை எப்படியும் கருகிவிடுகிறது. அதைத் தள்ளி வைக்கப் போனால், அண்ணன் அதற்குத்தான் தட்டை நீட்டுகிறான்.