எதிர்மலையின் அடி

வானொலியில் ஜுகல்பந்தி. இருவரைச் சேர்த்துக் கட்டுவது என்று பொருளாம். அறிவிப்பாளர் பெருமையாக விளக்குகிறார்.

இலங்கை மலையகத்தில், எங்கள் மடுல்சீமையில் அதற்கு எசப்பாட்டு என்று பெயர். ஒருத்தி பாட, மற்றவள் இசைந்து பதில் பாடுவது. தேயிலைக் கொழுந்து பறித்தபடி அம்மா ஓர் அடி பாடுவாள். எதிர்மலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்ட சித்தி, பள்ளத்துக்கு அப்பாலிருந்து மறுஅடி பாடுவாள். துரையின் அனுமதியில்லாமல் தோட்டம்விட்டுத் தோட்டம் போக முடியாத காலம். அவர்கள் சந்தித்துக்கொண்டது அப்படித்தான்.

ஒரு மழைக்காலக் காய்ச்சலில் சித்தி இறந்துபோனாள். அதன்பிறகும் அம்மா ஓர் அடி பாடுவாள். மறுஅடிக்கான நேரம் முழுக்கப் பேசாமல் கொழுந்து பறிப்பாள். தாங்காமல் ஒருநாள் நானே பதில் பாடினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"அது ஒஞ் சித்தி எடம் புள்ள. சும்மாவே கெடக்கட்டும்."

இப்போது அம்மாவும் இல்லை. இரண்டு அடிகளும் எனக்குத் தெரியும். எதையும் நான் பாடுவதில்லை.