குல்லாவுக்குள் நீலச் சாட்டின்

இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். கைக்குழந்தையான என் மகளுக்குக் கடற்காற்று ஆகாதென்று, கன்னியர் பள்ளியில் கற்ற பின்னலில் நானே கம்பளிக் குல்லா பின்னிப் போட்டேன். கம்பளி உரசிப் பின்னந்தலையில் முடியே இல்லாமல் போயிற்று. நல்லது என்று நினைத்து நானே கெடுத்துவிட்டேனே என்று தவித்தேன்.

"ஏளா, உம் மவ மண்டை தேங்காச் செரட்டை மாதிரில்லா இருக்கு!" என்று சிரித்தாள் என் கணவரின் அண்ணன் மனைவி, பிலோமினா அக்கா. "உள்ள வழுவழுன்னு சாட்டின் துணி வச்சுத் தையி. முடி உரசாது."

தூத்துக்குடிக் கடைகளில் அப்போது சாட்டின் ஏது? அக்காவிடம் மட்டும், அவள் கணவர் கொழும்பிலிருந்து கொண்டுவந்த நீலச் சாட்டின் ரவிக்கை ஒன்று இருந்தது. கோயிலில் பீடத்தைவிட அதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

"சாட்டின் வாங்கியனுப்ப எனக்குக் கொழும்புல யாரு இருக்கா?" என்றேன் வெடுக்கென்று.

அக்கா உள்ளே போய் அந்த ரவிக்கையை எடுத்துவந்து, முதுகுப் பக்கத்தில் கத்தரியை வைத்தாள். நான் கை நீட்டித் தடுப்பதற்குள் வெட்டியேவிட்டாள்.

"என்னளா முழிக்கே? பிள்ளைக்கு முடி வேண்டாமா?"

கம்பளி இழுபடும், சாட்டின் இழுபடாது. அதனால் உள்துணியைச் சற்றுத் தளர்வாக வெட்டி, விளிம்பில் மட்டும் தைத்தேன். மெல்ல முடி அரும்பியது.

அதன் பிறகு ஞாயிறுகளில் அக்கா சாயம் போன பருத்தி ரவிக்கையில் கோயிலுக்கு வந்தாள். இனி என் பொறாமை தீர்ந்துவிடும் என்று நம்பினேன். தீரவில்லை. முன்பு அந்த ரவிக்கைக்கு ஏங்கினேன். அதை வெட்டும்போது கொஞ்சமும் நடுங்காத அவள் கைக்கு இன்றும் ஏங்குகிறேன்.