தொடையில் தெரிந்த கரும்புள்ளி

இன்னும் ஆத்திரம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறேன். மாதக்கணக்கில் இடுப்புவலி விடாததால் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

ஸ்கேன் சென்டரில் ஊசியில் ஏதோ மருந்து ஏற்றிவிட்டு, "நெறைய தண்ணி குடிங்க, அடிக்கடி பாத்ரூம் போங்க" என்றார் டெக்னீஷியன். மூன்று மணி நேரம் அப்படியே செய்தேன். கடைசி முறை போனபோது பாவாடையில் சிறுநீர் பட்டுவிட்டது. அலசலாம் என்றால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. டெக்னீஷியன் ஆம்பிளை, அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டு அப்படியே போய்ப் படுத்தேன்.

ஸ்கேன் முடிந்ததும் டாக்டர் என்னை விட்டுவிட்டு, கூட வந்திருந்த என் கணவரைக் கூப்பிட்டு, "தொடை எலும்புல கருப்பா ஒரு புள்ளி தெரியுது. கேன்சரா இருக்கலாம்" என்றார். என் கணவர் வந்து அதை அப்படியே என்னிடம் சொன்னார்.

நான் அழுவதைப் பார்த்த நர்ஸ்தான், "அக்கா, துணி ஏதாச்சும் நனைஞ்சுதா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அந்த மருந்து சிறுநீரில்தான் வெளியேறுமாம். துணியில் பட்டால் அதுவும் படத்தில் தெரியுமாம். அவர் கொண்டுவந்த தண்ணீரில் கழுவிக்கொண்டு, அவர் தந்த கவுனை மாட்டி மறுபடியும் ஸ்கேனுக்குப் படுத்தேன். இந்த முறை புள்ளியே இல்லை. வலிக்குக் காரணம் மூட்டுத் தேய்மானம்தான்.

"ஏம்மா, இதை மொதல்லயே சொல்றதில்லையா?" என்று டாக்டர் என்மேலேயே எரிந்து விழுந்தார்.

"கேன்சர்னு சொல்லத் தெரிஞ்சுது, துணி நனைஞ்சுதான்னு ஒரு வார்த்தை கேக்கத் தெரியலையா சார்?" என்றேன்.

இப்போதெல்லாம் எந்த ஸ்கேனுக்குப் போனாலும் மாற்றுத்துணி கொண்டுபோகிறேன். கையை ஊசிக்கு நீட்டுமுன், நாலு பேர் காதில் விழும்படியே கேட்கிறேன்: "பாத்ரூம்ல தண்ணி வருதா?"

— ஒரு வாசகி, ஆஸ்டின் டவுன், பெங்களூரு